பட்டாளத்துக்கு எந்த வாசல்?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டான். கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்துப் படித்தவன். மொத்தம் 62 சதவீதம், கணக்கில் மட்டும் 48. ராணுவத்துக்குத்தான் போவேன் என்கிறான். இருபது வருடம் பட்டாளத்தில் இருந்த எங்கள் மாமா, "ஜி.டி. என்கிற பொதுப் பணி வேண்டாம், டெக்னிக்கலில் சேரு, இல்லாவிட்டால் கிளார்க்" என்கிறார். நான் முதலில் டிகிரி முடிக்கச் சொல்கிறேன். அப்பா லாரி ஓட்டுகிறார். இவன் உடனே சம்பாதித்தாக வேண்டிய நிலை இல்லை. எது சரி?

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

மாமா சொல்வது அவர் காலத்துக்கு மிகச் சரி. அப்போது சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பதினைந்து வருடம் ஓட்டினால் பென்ஷன் உறுதி. எந்தப் பிரிவு என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. 2022 ஜூனில் அக்னிபத் என்ற புதிய ஆள்சேர்ப்புத் திட்டம் வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. இன்று ஜி.டி., டெக்னிக்கல், கிளார்க், டிரேட்ஸ்மேன் எல்லோருமே அக்னிவீர்கள். எல்லோருக்கும் நான்கு வருடம், ஒரே சம்பளம். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய். 30 சதவீதத்தை சேவா நிதி என்ற சேமிப்புக்குப் பிடித்துக்கொண்டு கையில் 21,000 தருவார்கள். நான்காம் வருடம் 40,000, கையில் 28,000. முடித்து வரும்போது வட்டியோடு சேவா நிதி சுமார் 11.71 லட்சம். பென்ஷன், கிராஜுவிட்டி இரண்டும் இல்லை. விதிப்படி ஒரு பேட்ச்சில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் பணிக்குப் போவார்கள். மற்றவர்கள் 22, 23 வயதில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அந்த வயதில் தம்பியிடம் என்ன படிப்பு, என்ன வேலை தெரிந்திருக்கும் என்று யோசித்துத்தான் இப்போது முடிவெடுக்க வேண்டும்.

கிளார்க்குக்கு அவன் மனுப்போட முடியாது. மொத்தம் 60 சதவீதம் இருந்தாலும் ஒவ்வொரு பாடத்திலும் 50 வேண்டும். கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைகிறது. டெக்னிக்கலுக்கு மொத்தம் 50, பாடத்துக்கு 40 போதும். அதில் சேர்ந்தால் வெளியே வரும்போது ஒரு தொழில் கையில் இருக்கும், அது நல்லதுதான். ஆனால் எந்த கோர் (படைப்பிரிவு), எந்த டிரேடு (தொழில்) என்பதை ராணுவம்தான் முடிவு செய்யும். இன்ஜின் வேலை கற்கப் போகிறேன் என்று கிளம்பியவன் கையில் ரேடியோ செட்டைக் கொடுக்கலாம்.

வீட்டில் மூன்று வருடம் தாங்கும் என்றால் நான் உங்கள் பக்கம். டிகிரியும் என்.சி.சி.யும் இருந்தால் சிப்பாயாக அல்ல, அதிகாரியாகவே சேர முயலலாம். கல்லூரியில் சேரும் முன்பே அங்கே என்.சி.சி. ஆர்மி பிரிவு இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள், எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. முதல் வருடமே பெயர் கொடுக்க வேண்டும். 'சி' சான்றிதழில் 'பி' கிரேடாவது வாங்கி, டிகிரியில் 50 சதவீதம் எடுத்தால் என்.சி.சி. சிறப்பு நுழைவில் எழுத்துத் தேர்வே கிடையாது. விண்ணப்பத்தில் தேறினால் நேராக எஸ்.எஸ்.பி. என்ற அதிகாரித் தேர்வுக் குழுவின் நேர்காணல்தான். இன்னொரு வழி, அதிகாரிகளை எடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு. அதில் டேராடூன் அகாடமிக்குக் கணக்குத் தாள் உண்டு. பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வுக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும்தான். கணக்கில் 48 வாங்கியவனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி! அங்கே 49 வாரப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய். ஒன்றை மறைக்கக் கூடாது: ஓ.டி.ஏ. வழியாகக் கிடைப்பது ஷார்ட் சர்வீஸ், அதாவது குறுகிய காலப் பணி. அதில் நிரந்தரக் கமிஷன் (நிரந்தர அதிகாரிப் பணி) கிடைக்காமல் பத்து வருடத்தில் வெளியே வந்தால் அங்கும் பென்ஷன் இல்லை.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாள் ஸ்கிரீனிங்கில் தேறாதவர்களை அன்றே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் உளவியல் தேர்வில் 60 சொற்களைக் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். நம் பிள்ளைகளுக்கு யோசனை வரும். ஆங்கிலத்தில் வாய் திறக்கத்தான் கூச்சம். முதல் நாள் குழு விவாதத்திலேயே எட்டுப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், பேசாதவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். தினமும் அரை மணி நேரம் சத்தமாக ஆங்கிலம் பேசும் பழக்கத்தை இப்போதே தொடங்கட்டும்.

அக்னிவீர் வயது வரம்பு குறைவு, டிகிரி முடிவதற்குள் தாண்டிவிடலாம். எனவே மாற்று வழியாக அந்தத் தேர்வையும் இடையில் எழுதிப் பார்க்கட்டும். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும், குத்துமதிப்பாகக் குறிக்கக் கூடாது. ஓட்டம் 1.6 கிலோமீட்டர், 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு 82 வினாடி. முதல் சுற்றை 70 வினாடியில் பாய்கிறவன் மூன்றாவதில் கால் கனத்து நின்றுவிடுவான். புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40 மதிப்பெண், ஆறோடு நின்றால் 16தான். பலர் ஓட்டத்தை மட்டுமே பழகி இங்கே கோட்டை விடுகிறார்கள்.

இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் மட்டும், மற்றதில் அப்பா பெயர் முழுதாக இருந்தால், ஓடித் தேறிய பிறகும் சான்றிதழ் மேசையில் சிக்கல் வரும். பிறந்த தேதியையும் சரிபாருங்கள். பச்சை குத்தும் ஆசை இருந்தால் தடுத்துவிடுங்கள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கையின் உள்பக்கமும் புறங்கையும் தவிர வேறு எங்கே இருந்தாலும் மெடிக்கலில் நிறுத்திவிடுவார்கள்.