கவ்விய கறியைத் தரையில் போட்டுவிட்டு உங்களைப் பார்க்கும் நாய்

கேள்வி: எங்கள் நாய்க்கு 3 வயது, ஆண், எடை 12 கிலோ. பாக்கெட் உணவைக் கிண்ணத்தில் போட்டால் முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. பச்சை இறைச்சி என்றால் விரும்பித் தின்னும் என்று சொன்னார்கள். கோழித் துண்டு ஒன்றை வைத்தோம். வாயில் கவ்வி, தரையில் போட்டுவிட்டு எங்களையே பார்க்கிறது. இரண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்கிறார்கள். போடலாமா? எப்படித்தான் மாற்றுவது?

பதில்: தரையில் போட்டுவிட்டு உங்களைப் பார்த்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. அது சாப்பாடு என்றே அதற்குத் தெரியவில்லை. குட்டியிலிருந்து மொறுமொறு உருண்டைகளையே தின்று வளர்ந்த நாய்க்கு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த, சில்லென்று வழுக்குகிற, கடித்தால் அறுபடாமல் இழுபடுகிற ஒரு பொருளை என்ன செய்வதென்று புரியாது. நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 1,700தான், நமக்கு 9,000 வாக்கில். அதனால் தின்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் மூக்கு. குளிர்ந்த கறியில் வாசனையே எழும்பாது. மூக்குக்கு எதுவும் எட்டவில்லை, வாய்க்கும் பழக்கமில்லை, அப்புறம் எப்படித் தின்னும்?

மாற்றும் வழிக்குப் போகும் முன், இது உண்மையிலேயே அடம்பிடிக்கிற நாய்தானா என்று பார்த்துவிட வேண்டும். முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிற நாய்களில் சிலவற்றுக்குக் குமட்டல் இருக்கும்: உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், அடிக்கடி விழுங்கும், காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கும். சிலவற்றுக்குப் பல்வலி. மேல்தாடையில் பின்பக்கம் இருக்கும் பெரிய பல், அதாவது கிழிப்பதற்கான பல், கெட்டியான எலும்பையோ கொம்பையோ கடித்துப் பாளமாகப் பெயர்ந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தப் பக்கமாக மெல்லாது. உதட்டைத் தூக்கிப் பார்த்தாலே போதும், பல நேரம் கண்ணில் பட்டுவிடும். நான் பார்த்த ஒரு நாய்க்கு இதில் எதுவுமே இல்லை. கழுத்துப் பட்டையில் தொங்கிய உலோக வில்லை, குனியும்போதெல்லாம் ஸ்டீல் கிண்ணத்தில் மோதி ணங்கென்று சத்தம் போட, அதற்குப் பயந்துதான் அது கிண்ணத்தையே அண்டாமல் இருந்தது. பட்டையைக் கழற்றிவிட்டு வைத்தார்கள், அன்றைக்கே தின்றது. மூன்று மாதம் விதவிதமான உணவு வாங்கிப் பார்த்த குடும்பம் அது.

உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்தால், அடுத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மூன்று நாளைக்கு அதன் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள், வீட்டிலிருக்கும் எல்லாரும் எழுத வேண்டும். சொன்னதைச் செய்தால் ஒரு பிஸ்கட், மேசையிலிருந்து ஒரு வாய், தாத்தா யாருக்கும் தெரியாமல் கொடுக்கிற ஒன்று. 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 முதல் 700 கலோரி போதும், ட்ரீட்டுகள் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாளைக் கூட்டிப் பார்த்தால் பாதி வயிறு ஏற்கெனவே நிறைந்திருப்பது தெரியவரும். கிண்ணத்தைத் தொடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் இதைவிட நல்லது வரும் என்பதையும் அது கற்று வைத்திருக்கும். இப்படிப்பட்ட நாய்க்கு உணவை மாற்றினாலும் பத்து நாள் ஆவலாகத் தின்றுவிட்டு, பதினோராம் நாள் பழையபடி உங்கள் முகத்தைப் பார்க்கும்.

பட்டினி விஷயம். வேண்டாம். ஆனால் உணவு நேரம் என்று ஒன்று இருக்கட்டும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை கிண்ணத்தை வையுங்கள், பக்கத்தில் நின்று கெஞ்சாதீர்கள், 20 நிமிடம் கழித்துத் தின்றாலும் தின்னாவிட்டாலும் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை ஒன்றும் கிடையாது, தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஒரு வேளை, இரண்டு வேளை தவறவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. முழுதாக ஒரு நாள் எதையுமே தொடாவிட்டால் அடத்தை உடைக்கிற வேலையை நிறுத்திவிட்டுப் பழைய உணவைக் கொடுங்கள், அதையும் மறுத்தால் டாக்டரிடம் போங்கள். குட்டிகள், மிகச் சிறிய இன நாய்கள், சர்க்கரை நோய் உள்ளவை ஆகியவற்றிடம் இந்தக் காத்திருப்பு விளையாட்டே கூடாது. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

சரி, பழைய உணவிலேயே நான்கைந்து நாள் இந்த ஒழுங்கு வந்த பிறகுதான் கறி. அதற்கு முன் தொடங்க வேண்டாம்.

முதல் வாரம் பச்சையாகக் கொடுக்காதீர்கள். எலும்பில்லாத, கொழுப்பும் தோலும் நீக்கிய கறி, ஒரே ஒரு வகை, கொத்திய கறியாக இருந்தால் இன்னும் நல்லது. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்து, பழைய உணவின் மேல் இரண்டு ஸ்பூன் போட்டு, வெந்த தண்ணீரையும் கொஞ்சம் ஊற்றிக் கலந்துவிடுங்கள். வெந்த கறியின் வாசனை எந்த நாய்க்கும் புரியும் பாஷை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கறியைக் கொஞ்சம் கூட்டிப் பழைய உணவைக் கொஞ்சம் குறையுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து வேகவைக்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்: முதலில் உள்ளே லேசாகச் சிவந்திருக்கும் அளவுக்கு, பிறகு வெளிப்பக்கம் மட்டும் வெளுக்கிற அளவுக்கு, கடைசியில் சூடான தட்டில் ஒரு புரட்டு. நாய்க்குத் தெரியாமலே பச்சைக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள். பிடிவாதமில்லாத நாய் 7 முதல் 10 நாளில் மாறிவிடும், உங்களுடையதுக்கு மூன்று நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் முகத்தைத் திருப்புகிறதோ, அதற்கு முந்தைய படியிலேயே மூன்று நாள் நில்லுங்கள்.

ஒவ்வொரு முறையும் கறியின் குளிர்ச்சியை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மூடிய பையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீருக்குள் 10 நிமிடம் வைத்தால் போதும். மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் ஐஸாக இருக்கும். அப்போதும் தயங்கினால் உலர்த்திப் பொடித்த ஈரலை ஒரு சிட்டிகை தூவுங்கள். சிட்டிகைதான், ஸ்பூன் அல்ல. முதல் வாயைக் கையால் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் மூன்றாம் நாளிலிருந்து கையைக் கிண்ணத்துக்குள் கொண்டுபோய்விடுங்கள். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாக்கெட் உணவையும் பச்சைக் கறியையும் ஒன்றாகக் கொடுத்தால் செரிக்காது, இரண்டும் வேறுவேறு வேகத்தில் செரிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. ஆரோக்கியமான நாய்க்கு அது பிரச்சினையில்லை.

இப்போது பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம். கறியைத் தின்ன ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து மாதக்கணக்கில் வெறும் கறியையே போடுகிறார்கள். எலும்பில்லாத கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்துப் பதினைந்து மடங்குக்கு மேல். நாய்க்கு வேண்டியதோ பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு. பற்றாக்குறையை உடம்பு எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டும். வளரும் குட்டி என்றால் சில வாரங்களிலேயே கால் வளைந்து, எலும்பு சும்மா குதித்தாலே முறிகிற நிலைக்கு வந்துவிடும். குட்டிக்குப் பச்சை உணவை நீங்களாகக் கலந்து கொடுக்கவே வேண்டாம் என்பேன்.

பச்சை உணவுக்காரர்கள் சொல்லும் கணக்கு 80:10:10, அதாவது நூறு பங்கில் சதை 80, எலும்பு 10, உள்ளுறுப்பு 10. உங்கள் 12 கிலோ நாய்க்கு உடல் எடையில் 2.5 சதவீதம் என்று வைத்தால் நாளைக்கு 300 கிராம். அதில் 240 கிராம் சதைக்கறி, 30 கிராம் எலும்பு, 15 கிராம் ஈரல், இன்னொரு 15 கிராம் மண்ணீரல், கிட்னி போன்ற வேறு உறுப்பு. 30 கிராம் எலும்பு என்றால் தனி எலும்பு அல்ல. கோழி இறக்கையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எலும்பு இருக்கும், 65 கிராம் எடையுள்ள ஒரு இறக்கை போதும், அதிலிருக்கும் சதையை 240இல் கழித்துக்கொள்ளலாம். 300 கிராம் என்பது தொடக்கம்தான். கொழுப்பில்லாத நெஞ்சுக்கறியாகவே போட்டால் அந்த எடைக்குக் கலோரி போதாது, நாய் மெலியும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள், விலாவைத் தடவிப் பாருங்கள்: எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

ஆனால் இந்த 80:10:10உம் முழு உணவு இல்லை. வைட்டமின் ஈ, துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், ஒமேகா 3 எல்லாம் இதில் குறைபடும். ஈரலைக் கூட்டி ஈடுகட்டலாம் என்று போனால் வைட்டமின் ஏ அதிகமாகி அது வேறு தொல்லை. அதனால் ஒன்று, வளர்ந்த நாய்க்கான முழுமையான உணவு என்று அட்டையில் தெளிவாகக் குறிப்பிட்ட தயாரிப்பை வாங்குங்கள், அல்லது கால்நடை உணவியல் படித்த டாக்டரிடம் உங்கள் நாய்க்கென்றே கணக்குப் போட்டு வாங்குங்கள். நாய் ஓநாயின் வாரிசு, அதற்கு எல்லாம் கறியிலேயே கிடைக்கும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். 2013இல் வெளியான மரபணு ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயைவிட நாயிடம் பல பிரதிகளாகப் பெருகியிருப்பது தெரியவந்தது. நம் எச்சில் சோற்றைத் தின்று வாழப் பழகிய பிராணி அது.

எலும்பைப் பச்சையாக மட்டுமே கொடுக்கலாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். பெரிய விலங்குகளின் கால் எலும்பு பச்சையாக இருந்தாலும் வேண்டாம், மேலே சொன்ன அந்தப் பல் உடைவது பெரும்பாலும் அதில்தான். உங்கள் நாய் மெல்லாமல் விழுங்குகிற ரகம் என்றால் எலும்பை நைஸாக அரைத்தே கொடுங்கள்.

கிருமி விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சால்மோனெல்லா, லிஸ்டீரியா, கேம்பைலோபாக்டர் எல்லாம் பச்சைக் கறியில் சாதாரணமாக இருக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே, ஒரு வாரம் வரைகூட மலத்தில் சால்மோனெல்லாவை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம், மாட்டிக்கொள்வது வீட்டு மனிதர்கள். சமைக்காத இறைச்சியை நாய், பூனைக்குக் கொடுப்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலிருந்தே கொள்கையாக எதிர்க்கிறது. வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் யாராவது இருந்தால் பச்சைக் கறி வேண்டாம், இதில் எனக்குப் பேரம் கிடையாது. ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. குளிர் சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும், பாக்டீரியாவைத் தூங்கத்தான் வைக்கும். உறைந்ததை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள், சமையல் மேடையில் வேண்டாம். கறியைக் குழாயடியில் கழுவாதீர்கள், தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் தெறிக்கும். மிச்சம் வைத்தால் மறுவேளைக்கு எடுத்துவைக்காமல் கொட்டிவிடுங்கள். தின்று முடித்த கையோடு அது முகத்தை நக்க வந்தால் விடாதீர்கள். பன்றிக்கறியும் காட்டு விலங்குக் கறியும் பச்சையாக வேண்டவே வேண்டாம், பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் கோழியும்.

முன்பு கணைய அழற்சி வந்த நாய் என்றால் இந்த முயற்சியே டாக்டரைக் கேட்காமல் கூடாது.

மாற்றும் நாட்களில் மலத்தைப் பாருங்கள், அதைப் போலத் தெளிவாகப் பேசுவது வேறெதுவும் இல்லை. வெளுத்து, சுண்ணாம்புக்கட்டி மாதிரி உதிர்ந்தால் எலும்பு அதிகம், முக்கித் திணறும், குறைத்துவிடுங்கள். கருத்து, கூழாகப் போனால் ஈரல் அதிகம். ஓரிரு நாள் இளகலாகப் போவது சகஜம். ரத்தம், விடாத வாந்தி, வயிற்றைத் தொட்டால் குன்றுவது, முன்காலை நீட்டிக் குனிந்து பின்பக்கத்தைத் தூக்கியபடியே நிற்பது, இதில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், அரைவேக்காட்டுப் படியில் உங்கள் நாய் மகிழ்ச்சியாகத் தின்கிறது என்றால் அங்கிருந்து பச்சைக்குப் போகாமல், திரும்பி முழு வேக்காட்டுக்கே வந்துவிடுங்கள். அதற்கு வேண்டியது வாசனையும் ஈரமும் வெதுவெதுப்பும்தான், அது கிடைத்துவிட்டது. எலும்புக்குப் பதில் கால்சியத்தைத் தனியாக, டாக்டர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

இன்னொன்று. எந்த உணவுக்கு மாறினாலும் பழைய பாக்கெட் உணவை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு கைப்பிடி கொடுத்துப் பழக்கத்தில் வைத்திருங்கள். நீங்கள் ஊருக்குப் போகும்போது நாயை யாரிடமாவது விட வேண்டி வரும், மருத்துவமனையில் இரண்டு நாள் தங்க வைக்க நேரலாம், அங்கே யாரும் 15 கிராம் மண்ணீரல் எடைபோட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள்.