விண்டோஸ் மாற்றியபின் பழைய தமிழ்க் கோப்புகள் கலைந்து தெரிகின்றனவா? எதற்கும் முன்னால் 'சேவ்' அழுத்தாதீர்கள்

கருங்கல் பக்கம் டைப்பிங் சென்டர் நடத்தும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்:

"அண்ணா, கடையில் இருந்த விண்டோஸ் 7 கணினிக்குப் புது போர்டும் புது டிஸ்க்கும் போட்டு விண்டோஸ் 11 ஆக்கிக் கொடுத்தார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என் கையில்தான் இருக்கிறது. இப்போது போன வருஷத்துத் திருவிழா நோட்டீஸ் கோப்புகளைத் திறந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கலைந்து தெரிகிறது. நோட்பேடில் பாமினியில் அடித்தால் சிவப்புக் கோடு விழுகிறது, சில வார்த்தை தானாகவே மாறுகிறது. அதையே பேஜ்மேக்கருக்குக் கொண்டுபோனால் அங்கங்கே குப்பை எழுத்து. நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் நான் வைத்திருந்த ஃபான்ட், ஷார்ட்கட் எதுவும் இல்லை. திரும்ப பழைய விண்டோஸே போட்டுவிடலாமா?"

வேண்டாம் சகோதரி. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, ஆதார் நகலும் வங்கி விவரமும் வந்துபோகும் கடைக் கணினியில் அதைத் திரும்பப் போடச் சொல்ல எனக்கு மனசு வராது. நீங்கள் சொன்ன எல்லாமே செட்டிங்ஸ் பிரச்சினைதான், ஒரு மாலை உட்கார்ந்தால் தீரும். ஆனால் அதுவரைக்கும் ஒன்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். கலைந்து தெரிகிற எந்தக் கோப்பையும் சேவ் செய்யாதீர்கள். கலைந்து தெரிவது என்பது வேறு, கலைந்துபோவது என்பது வேறு. திறந்து பார்த்து அப்படியே மூடினால் கோப்பு பத்திரமாக இருக்கும். "சரியாகிறதா பார்ப்போம்" என்று சேவ் அழுத்தும் அந்த நொடியில்தான் உண்மையான சேதம் நடக்கிறது. முதல் வேலையாக அந்த ஃபோல்டரை முழுசாக ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு, அப்புறம் நகலில் மட்டும் கை வையுங்கள்.

"ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. குப்பை எல்லாம் ஒரே குப்பை இல்லை. அது எப்படித் தெரிகிறது என்பதை வைத்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

திரையில் வெறும் ஆங்கில எழுத்துகள் ஓடுகின்றன, நடுவில் அரைப்புள்ளியும் கமாவும் வருகின்றன என்றால் அது பாமினி, ஒன்றுமே ஆகவில்லை. சின்ன எம், சின்ன கே, அரைப்புள்ளி, சின்ன கே, சின்ன எச் என்று ஐந்தும் அடுத்தடுத்து இருந்தால் அது 'அம்மா'. பாமினியைப் பொறுத்தவரை கோப்புக்குள் இருப்பது எப்போதுமே ஆங்கில எழுத்துதான், ஃபான்ட்தான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. புது டிஸ்க்கில் அந்த ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான்.

தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் வேறேதோ ஒரு குறி, இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வந்தால் அது யூனிகோட் தமிழ் (எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு தரும் பொது முறை), அதை எடிட்டர் ஆன்சி என்ற பழைய சேமிப்பு முறை என்று நினைத்துத் திறந்திருக்கிறது. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் (கணினி சேமிக்கும் சின்ன அலகு). ஆன்சியில் ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. அதனால் ஒரே 'க' மூன்றாக உடைந்து, கோடு போட்ட ஏ, வட்ட ஆர், ஒரு கரும்புள்ளி என்று தெரிகிறது. புள்ளியும் சில உயிர்மெய்க் குறிகளும் வரும் இடங்களில் வட்ட ஆருக்குப் பதிலாக மேலே ஒரு சின்னப் படுக்கைக் கோடு இருக்கும். இதுவும் முழுசாகத் திரும்பக் கிடைக்கும்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் நேர் எதிர், ஆன்சி கோப்பை யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்திருக்கிறது. சேவ் செய்யாத வரை பயமில்லை, செய்திருந்தால் வைரம் விழுந்த இடத்தில் இருந்த எழுத்துகள் போய்விட்டன. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபான்ட் மட்டும் இல்லை. சாதாரணக் கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக நின்றால்தான் கெட்ட செய்தி. யூனிகோடில் இருந்ததை யாரோ ஆன்சியாக சேவ் செய்திருக்கிறார்கள், அந்தக் கோப்புக்குள் தமிழ் இப்போது இல்லை. எந்த மென்பொருளாலும் அதை வரவழைக்க முடியாது, காசு வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். உங்களுக்குப் பழைய டிஸ்க் கையில் இருப்பதால் அங்கே நல்ல நகல் இருக்கும்.

சரி, ஃபான்ட்டில் இருந்து தொடங்குவோம். யூஎஸ்பி கேஸ் ஒன்று வாங்கிப் பழைய டிஸ்க்கை அதில் மாட்டுங்கள், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்தக் கணினிக் கடையிலும் கிடைக்கும். அதில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும், பாமினியும் நீங்கள் வாங்கிப் போட்ட மற்ற ஃபான்ட்களும் அங்கேதான் கிடக்கும். அவற்றை எடுத்து நிறுவும்போது ஒரு நுணுக்கம் உண்டு, நிறைய பேர் இங்கேதான் இடறுகிறார்கள். ஃபான்ட் கோப்பைத் திறந்து 'இன்ஸ்டால்' என்று அழுத்தினால் இப்போதைய விண்டோஸ் அதை உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் போடுகிறது, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களின் கண்ணுக்கு அது படாமல் போகலாம். ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி தெரியாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்தினால் வரும். லதா, விஜயா இரண்டும் காணவில்லை என்றால் அவற்றை எங்கும் தேட வேண்டாம், விண்டோஸ் 10-இல் இருந்தே அவை ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பட்டியலுக்குப் போய்விட்டன. செட்டிங்ஸில் அந்தப் பட்டியலைத் திறந்து 'தமிழ் சப்ளிமென்ட்டல் ஃபான்ட்ஸ்' என்று தேடிச் சேர்த்தால் வந்துவிடும், இணைய இணைப்பு மட்டும் வேண்டும்.

அடுத்து நோட்பேட். பெயர் அதேதான், ஆனால் நீங்கள் விண்டோஸ் 7-இல் பார்த்த நோட்பேட் இல்லை இது. பழையது புதுக் கோப்பை வழக்கமாக ஆன்சியாக சேவ் செய்யும், 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து அது பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் வைக்கும் அடையாளக் குறி) இல்லாத யூடிஎஃப்-8 ஆக மாறிவிட்டது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதற்கு யூனிகோட் தெரியாது. பாமினியில் பெரும்பாலான எழுத்துகள் சாதாரண விசைகளிலேயே இருப்பதால் அவை எந்த முறையில் சேவ் செய்தாலும் ஒரே பைட்டாகவே போகின்றன, கெடுவதில்லை. கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, சாதாரண விசைகள் 127-க்குள் அடங்கிவிடும். 127-க்கு மேல் எண் கொண்ட எழுத்துகளும் வளைந்த மேற்கோள் குறிகளும் யூடிஎஃப்-8-இல் இரண்டு மூன்று பைட்டாக விரிகின்றன, பேஜ்மேக்கர் அவற்றைத் தனித்தனி எழுத்தாகப் படிக்கிறது. "அங்கங்கே குப்பை" என்று நீங்கள் சொன்னது இதைத்தான். டேம், டேப் வகை ஃபான்ட்களில் வேலை செய்பவர்களுக்கு எழுத்துகள் பெரும்பாலும் அந்த மேல்பாதியிலேயே இருப்பதால் மொத்தமும் குப்பையாகிவிடும். நோட்பேடில் 'சேவ் ஆஸ்' போட்டால் கீழே என்கோடிங் என்ற பெட்டி இருக்கிறது, அதில் ஆன்சி தேர்ந்தெடுத்து சேவ் செய்யுங்கள், பேஜ்மேக்கர் சரியாக எடுத்துக்கொள்ளும். யூனிகோட் தமிழ் உள்ள கோப்பில் மட்டும் தவறியும் இதைச் செய்யாதீர்கள், முன்னால் சொன்ன கேள்விக்குறி வரிசை அப்படித்தான் பிறக்கிறது.

சிவப்புக் கோடு, வார்த்தை மாறுவது இரண்டுக்கும் காரணம் புது நோட்பேடில் சேர்ந்த எழுத்துப்பிழை சோதனையும் ஆட்டோகரெக்ட்டும். நீங்கள் பாமினியில் 'அம்மா' என்று அடிப்பதை அது தப்பான ஆங்கில வார்த்தை என்று எண்ணித் திருத்தப் பார்க்கிறது. வலது மேல் மூலையில் பல்சக்கரக் குறியை அழுத்தி இரண்டையும் அணைத்துவிடுங்கள். அதே பக்கத்தில் 'வென் நோட்பேட் ஸ்டார்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும், அதில் புது செஷன் தொடங்கும்படி வையுங்கள். இல்லையென்றால் நேற்று ஒருவருக்கு அடித்துக் கொடுத்த மனு இன்று காலை அடுத்த ஆள் முன்னால் திறந்து நிற்கும், டைப்பிங் கடையில் அது நல்லதல்ல.

இருந்தாலும் என் அபிப்பிராயம், பாமினி வேலைக்கு நோட்பேடையே விட்டுவிடுங்கள். அதில் ஒவ்வொரு முறையும் ஆன்சி என்று ஞாபகமாக மாற்ற வேண்டும், திருவிழா நெருக்கத்தில் இரவு பதினொரு மணிக்கு அந்த ஞாபகம் இருக்காது. நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் ஒரே தடவை வைத்தால் போதும்: செட்டிங்ஸ், பிரிஃபரன்ஸஸ், நியூ டாகுமென்ட், அதில் என்கோடிங் ஆன்சி. அங்கேயே யூடிஎஃப்-8-க்குக் கீழே 'அப்ளை டு ஓபன்டு ஆன்சி ஃபைல்ஸ்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அந்த டிக் விழுந்திருந்தால், 127-க்கு மேல் ஓர் எழுத்துகூட இல்லாத பாமினி கோப்பை நீங்கள் திறந்ததுமே அது யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் ஒரு மேற்கோள் குறி சேர்த்தால் போதும், பழைய கதைதான். அதே பிரிஃபரன்ஸஸில் ஆட்டோ கம்ப்ளீஷனையும் அணையுங்கள், பாமினி அடிக்கும்போது குறுக்கே பட்டியல் வந்து என்டர் விசையில் வேறு வார்த்தையை நுழைத்துவிடும்.

என்கோடிங் மெனுவைத் திறந்தால் ஆன்சி, யூடிஎஃப்-8 என்பவை மேலே ஒரு தடவையும், 'கன்வர்ட் டு' என்ற சொல்லோடு கீழே இன்னொரு தடவையும் இருக்கும். மேலே உள்ளது கோப்பைத் தொடாமல் வேறு கண்ணாடி போட்டுப் பார்ப்பது மாதிரி. கீழே உள்ளது உள்ளே இருக்கும் பைட்டுகளையே மாற்றுவது. கோடு போட்ட ஏ தெரிகிற கோப்புக்கு மேலே உள்ள யூடிஎஃப்-8-ஐ அழுத்துங்கள், தமிழ் அப்படியே எழுந்து நிற்கும். அவசரத்தில் 'கன்வர்ட் டு யூடிஎஃப்-8' அழுத்தி சேவ் செய்திருந்தால் குப்பையையே யூனிகோடாக்கிவிட்டீர்கள். அப்போதும் ஒரு வழி இருக்கிறது: 'கன்வர்ட் டு ஆன்சி' போட்டு, பிறகு மேலே உள்ள யூடிஎஃப்-8-ஐ அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் மீண்டு வரும். இதை நகலில் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று நான் திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை.

காணாமல் போன உங்கள் பழைய அமைப்புகளும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் நோட்பேட் பிளஸ் பிளஸ். ஆப்டேட்டா மறைவாக இருக்கும், ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, ஹிடன் ஐட்டம்ஸ் போட்டால் தெரியும். டெஸ்க்டாப்பையும் டாகுமென்ட்ஸையும் மட்டும் நகல் எடுத்துத் தருபவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அங்கே கான்ஃபிக், ஸ்டைலர்ஸ், ஷார்ட்கட்ஸ் என்று மூன்று எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். புது கணினியில் அதே இடத்தில் அவற்றைப் போடுங்கள், போடும்போது நோட்பேட் பிளஸ் பிளஸ் மூடியிருக்க வேண்டும், திறந்திருந்தால் மூடும் நேரத்தில் தன் கையில் இருக்கும் அமைப்பை மேலெழுதிவிடும். பக்கத்திலேயே பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் விட்டுவிடாதீர்கள். சேவ் செய்யாமலே டேப்பில் விட்டு வைத்த எழுத்தெல்லாம் அதற்குள்தான் தூங்குகிறது, போன வருஷத்து நோட்டீஸ் ஏதாவது அங்கேயே கிடைக்கலாம். (டிஸ்க் மாற்றாமல் அதே கணினியில் அப்கிரேட் செய்தவர்களுக்கு சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும், அது வழக்கமாக 10 நாளில் தானாக அழிந்துவிடும், தள்ளிப்போடாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.)

கோப்புகளைப் போட்ட பிறகும் ஃபான்ட் மட்டும் வரவில்லை என்றால் டார்க் மோட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கறுப்புத் திரைக்கு அது வேறொரு தீம் கோப்பைப் படிக்கிறது, வெள்ளைத் திரையில் நீங்கள் வைத்த ஃபான்ட் அதற்குத் தெரியாது. ஸ்டைல் கான்ஃபிகரேட்டரில் குளோபல் ஓவர்ரைட் போய் ஃபான்ட்டைத் தேர்ந்து, 'எனேபிள் குளோபல் ஃபான்ட்' டிக் செய்தால் சரியாகும்.

இத்தனையும் செய்தும் ஆன்சி என்று சேவ் செய்தது பேஜ்மேக்கரில் குப்பையாக வந்தால், கன்ட்ரோல் பேனலில் ரீஜியன், அட்மினிஸ்ட்ரேட்டிவ், 'சேஞ்ச் சிஸ்டம் லோக்கேல்' திறந்து பாருங்கள். 'பீட்டா: யூஸ் யூனிகோட் யூடிஎஃப்-8' என்று தொடங்கும் ஒரு வரியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு, மொழியை ஆங்கிலமாக வைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். தமிழ் நன்றாகத் தெரியட்டும் என்று நல்லெண்ணத்தில் யாராவது அதைப் போட்டிருப்பார்கள். அது இருக்கும் வரை அந்தக் கணினியில் ஆன்சி என்று பெயர் போட்டிருந்தாலும் நடப்பது யூடிஎஃப்-8தான்.

நம் பக்கத்தில் களியக்காவிளை, குழித்துறை வரைக்கும் மலையாள வேலையும் வரும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எம்எல் டிடி கார்த்திகா என்ற பழைய ஃபான்ட்டும், மைக்ரோசாஃப்ட்டின் கார்த்திகா என்ற ஃபான்ட்டும் பெயரில்தான் ஒன்று. முதலாவது பாமினி மாதிரி, இரண்டாவது யூனிகோட். பழைய பத்திர நகலோ ஜெபக் கூட்ட நோட்டீஸோ முதலாவதில் அடித்ததாக இருந்தால் இரண்டாவதைப் போட்டு எவ்வளவு முயன்றாலும் மலையாளம் தெரியாது.

பங்குப் பெயர்ப் பட்டியல், வரிப் பட்டியல் மாதிரி சிஎஸ்வி கோப்புகளை எக்ஸலில் திறக்கும்போது கோடு போட்ட ஏ வந்தால், நோட்பேடில் 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று சேவ் செய்து பிறகு எக்ஸலில் திறங்கள், தமிழ் வந்துவிடும்.

திருவிழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. நேரம் குறைவென்றால் இன்றைக்கு ஃபான்ட்டையும் நோட்பேட் பிளஸ் பிளஸ் ஆன்சி அமைப்பையும் மட்டும் முடியுங்கள், போன வருஷ நோட்டீஸைத் திறந்து தேதியை மாற்றி அச்சுக்கு அனுப்ப அது போதும். மற்றதெல்லாம் கொடியிறக்கம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம், பழைய டிஸ்க்கை மட்டும் அதுவரை யாருக்கும் ஃபார்மட் செய்யக் கொடுக்காதீர்கள்.