பைத்தான் அடிப்படை முடித்தாயிற்று. அன்றாடம் உதவும் சிறு நிரலாக எதை எழுதிப் பார்க்கலாம், எந்த நூலகம் வேண்டும்?

வெளி நூலகம் எதையும் இப்போதைக்கு நிறுவ வேண்டாம். டவுன்லோட்ஸ் கோப்புறையை வகை பிரித்து அடுக்கும் நிரலில் தொடங்குங்கள். சோதிக்கத் தேவையான குப்பை எல்லோரிடமும் ஏற்கெனவே இருக்கிறது!

இதற்குப் பைத்தான் 3.4 முதல் (2014) உடன் வரும், கோப்புகளையும் கோப்புறைகளையும் கையாளும் பாத்லிப் என்ற நூலகம் போதும். அதிலுள்ள ஐட்டர்டிர் என்ற செயற்கூறு கோப்புறையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் தரும். சஃபிக்ஸ் கோப்பின் பின்னொட்டைச் (பெயரின் கடைசியில் புள்ளியோடு வந்து வகையைக் காட்டும் பகுதி) சொல்லும். கேமராக்கள் பின்னொட்டைப் பெரிய எழுத்தில் வைப்பதுண்டு என்பதால், சிறிய எழுத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

கவனம் தேவைப்படும் இடம், கோப்பை நகர்த்தும் ரீநேம். போய்ச் சேரும் இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் விண்டோஸ் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் சத்தமே இல்லாமல் பழைய கோப்பு அழிந்து புதியது அமர்ந்துகொள்ளும். ஆகவே அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு முன்கூட்டியே பாருங்கள். முதல் ஓட்டத்தில் எதையும் நகர்த்தாமல், எது எங்கே போகும் என்று பிரிண்ட் மட்டும் செய்யுங்கள்.

அடுத்து, வீட்டுச் செலவை சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) எழுதிப் பாருங்கள். அரிசி, பால் என்று தமிழில் எழுதிய கோப்பை எக்செல் திறக்கும்போது எழுத்துகள் சிதைந்து தெரியலாம். கோப்பை எழுதும்போது குறியாக்கத்தை (என்கோடிங்) 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்தால் கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளக்குறி சேரும். எக்செல் அதைக் கண்டு சரியாகப் படித்துவிடும். விண்டோஸில் ஒரு வரி விட்டு ஒரு வரி காலியாக வந்தால், கோப்பைத் திறக்கும் ஓப்பனில் நியூலைன் என்ற அளவுருவுக்கு வெற்றுச் சரத்தைக் கொடுங்கள்.

இணையத்திலிருந்து தரவு எடுக்கும் ஆசை வரும்போது ரிக்வெஸ்ட்ஸ் என்ற வெளி நூலகத்தை நிறுவலாம். அதையும் தனியாக ஒரு வென்வ் (அந்த நிரலுக்கு மட்டுமான பைத்தான் சூழல்) அமைத்து அதற்குள் நிறுவுங்கள்.