பூவேலை பாதியில் தள்ளி விழுகிறதா? மோட்டரைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: மாங்குளத்தில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவில் பூவேலை செய்ய ஒரு சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்லும் வழியில் மரத்தைச் செதுக்கும் இயந்திரம்) நானே கட்டினேன். மூன்று நீமா 23 ஸ்டெப்பர் மோட்டர்கள், அவற்றை ஓட்டும் டிபி 6600 டிரைவர்கள், 24 வோல்ற் பவர் சப்ளை, ஆர்டுயினோ ஊனோ என்ற கட்டுப்பாட்டு போர்டில் ஜிஆர்பிஎல் மென்பொருள். சும்மா ஓட்டினால் பிழையில்லை. முதிரைப் பலகையை வெட்டும்போது பாதியில் பூ இரண்டு மூன்று மில்லிமீற்றர் தள்ளிப் போகிறது. பெரிய மோட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தக் காசில் நல்ல பவர் சப்ளை வாங்குங்கள்.

படிபடியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டர், தான் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் சொல்லாது. ஆர்டுயினோ ஒவ்வொரு படிக்கும் ஒரு பல்ஸ் (மின் துடிப்பு) அனுப்பும், மோட்டர் சுற்றிவிட்டது என்று நம்பி அடுத்ததை அனுப்பும். முதிரை போன்ற இறுகிய மரத்தில் ஓரிடத்தில் மோட்டர் திணறிவிட்டால், அந்தப் பிழை மிச்ச வேலை முழுவதிலும் கூடவே வரும்.

திணறுவதற்கு முதற்காரணம் 24 வோல்ற். வேகம் கூடக் கூட, சுருளுக்குள் தேவையான கறண்ட் ஏறுவதற்கு நேரம் போதாமல் முறுக்குவிசை விழுந்துவிடும். வோல்றைக் கூட்டினால் கறண்ட் விரைவாக ஏறும். 36 வோல்ற் சப்ளை போடுங்கள். டிபி 6600இன் மேல் 42 வரை என்று எழுதியிருக்கும். அந்த விளிம்புக்குப் போகாதீர்கள், மோட்டர் பிரேக் பிடிக்கும்போது வோல்ற் இன்னும் எகிறும். கையில் காசிருந்தால் டிஎம் 542 டிரைவருக்கு மாறுவது என் விருப்பம்.

புது சப்ளையைச் செருகுவதற்கு முன் அதன் பக்கவாட்டு ஓட்டைக்குள் பாருங்கள். பலவற்றில் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். அது 115இல் நின்றால் நம் 230 வோல்றுக்குச் சப்ளை வெடித்துப் போகும். அதேபோல, கறண்ட் இருக்கும்போது மோட்டர் வயரைக் கழற்றவே கூடாது. டிரைவர் அந்த இடத்திலேயே போய்விடும்.

டிரைவரின் குட்டி சுவிட்சுகளில், மோட்டர் லேபிளில் உள்ள அம்பியரை வையுங்கள். மோட்டர் கை பொறுக்காமல் சுட்டாலும் பயமில்லை, அது அதன் இயல்பு.

மைக்ரோஸ்டெப் (ஒரு படியைச் சிறு படிகளாகப் பிரிப்பது) 8 போதும். சுற்றுக்கு 200 படி என்றால் 1600 பல்ஸ்; திருகு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்தினால் மில்லிமீற்றருக்கு 320. இதுதான் ஜிஆர்பிஎல் அமைப்புகளில் $100, $101, $102இல் வர வேண்டிய எண். ஊனோவில் ஜிஆர்பிஎல் செக்கனுக்கு ஏறத்தாழ 30,000 பல்ஸ்தான் தரும். 16, 32 என்று கூட்டினால் வேகத்தைத்தான் இழப்பீர்கள்.

பிறகு $120 முதல் $122 வரையுள்ள முடுக்கம். சும்மா ஓட்டும்போது எந்த அளவில் தவறத் தொடங்குகிறதோ, அதில் பாதியை வையுங்கள். முதிரைக்கு அந்த மிச்சம் தேவை. வெட்டும் ஆழத்தையும் கொஞ்சம் குறையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால், அது பாரத்தால் வருவதல்ல. திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பல்ஸ் தவறுகிறது. திசைச் சிக்னல் பல்ஸுக்குச் சில மைக்ரோசெக்கன் முன்னமே வந்து நிலைக்க வேண்டும், அது பிந்துகிறது. பல்ஸைத் தலைகீழாக்கும் $2இல் 0 இருந்தால் 7 ஆக மாற்றிப் பாருங்கள், அநேகமாகச் சரியாகும்.

கறண்ட் நின்று வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் போகிறீர்கள். ஹோமிங் சுவிட்ச் (இயந்திரம் தன் தொடக்க மூலையைக் கண்டுபிடிக்க உதவுவது) பூட்டி $22ஐ 1 ஆக்குங்கள். பலகையின் தொடக்கப் புள்ளியை ஜி 54 என்ற கட்டளையின் இடத்தில் வையுங்கள்; அது ஆர்டுயினோவில் அழியாமல் இருக்கும், ஜி 92 கட்டளையால் வைத்தது அழிந்துவிடும். கறண்ட் வந்ததும் இசட்டை (மேலும் கீழும் நகரும் அச்சை) கையால் உயர்த்தி, ஹோமிங் செய்து, ஸ்பிண்டில் (வெட்டும் அலகைச் சுழற்றும் மோட்டர்) முழு வேகத்துக்கு வந்த பிறகு, பாதியில் நின்ற பூ நிரலில் தொடங்கும் வரியிலிருந்து ஓட்டுங்கள்.