ஆறு மூலிகைக் கறுப்பு மாத்திரை: கேள்வி பதில்

சீன மருந்துக் கடைகளில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஊட்டம் தரும் மருந்தாக விற்கப்படுவது ‘லியூ வெய் தி ஹுவாங் வான்’. சீன மருத்துவம் முறையாகப் படித்து நோயாளிகளைப் பார்த்து வருபவள் என்ற முறையில், அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

சிங்கப்பூர் வாசகி: அக்கா, ஆண்மைக்கு நல்லது என்று சொல்லி இதை என் கணவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். உண்மையில் இது எதற்கான மருந்து?

குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட மருந்து, தங்கச்சி. சீனாவின் சோங் அரச மரபுக் காலத்துக் குழந்தை மருத்துவர் சியன் யீ வகுத்தது. அவர் மருத்துவ முறைகளைத் தொகுத்த நூல் 1119இல் வந்தது. நடை தாமதம், பேச்சு தாமதம், உச்சிக்குழி மூடாமை ஆகிய குறைகளுள்ள பிள்ளைகளுக்கு அவர் இதைக் கொடுத்தார். ஹான் காலத்து மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் எட்டுச் சரக்கு மாத்திரைதான் இதற்கு மூலம். அதிலிருந்த லவங்கப்பட்டை வகையையும் நாபி வகையையும் சியன் யீ நீக்கிவிட்டார். பிள்ளைகளின் உடலில் இயல்பாகவே சூடு மிகுதி, மேலும் சூடேற்ற வேண்டாம் என்பது காரணம்.

பெரியவர்களில் இது யாருக்குப் பொருந்தும்? இடுப்பு வலி, முழங்கால் தளர்ச்சி, காதில் இரைச்சல், இரவு வியர்வை, உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், சிவந்து வறண்ட நாக்கு ஆகியவை சேர்ந்து காணப்படுபவர்களுக்கு. உடலைக் குளிர்வித்து ஈரமாக வைக்கும் ‘யின்’ குறைந்துவிட்டது என்று அதைச் சொல்வோம். உங்கள் கணவருக்குக் கைகால் சில்லிட்டு, வயிறு இளகிப் போகிறது என்றால் இது அவருக்கு நேர் எதிரான மருந்து. நாக்கைக்கூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கோலாலம்பூர் வாசகர்: எனக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய இரத்தக் கழிவு) ஏறியிருக்கிறது. சிறுநீரகத்துக்கு ஊட்டம் என்றால் நான் சாப்பிடலாமா?

வேண்டாம். சீன மருத்துவம் சிறுநீரகம் என்று சொல்லும்போது வளர்ச்சி, எலும்பு, இனப்பெருக்கம், முதுமை எல்லாம் அதில் அடங்கும். இரத்தப் பரிசோதனை அளப்பது வேறு. பழுதான சிறுநீரகத்துக்கு எந்த மூலிகையும் கூடுதல் சுமையாகலாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன வேருக்குப் பதிலாக, அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள வேறொரு வேர் அதில் கலந்திருந்தது. உங்கள் சிறுநீரக மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் தொடாதீர்கள்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவ மாணவர்: ஆறு சரக்கில் மூன்று ஊட்டுபவை, மூன்று வெளியேற்றுபவை என்று படித்தேன். ஊட்டம் தேவைப்படுபவருக்கு வெளியேற்றும் சரக்கு எதற்கு, அம்மா? எடுத்துவிட்டால் வீரியம் கூடுமே?

அருமையான கேள்வி. அளவு, ஊட்டுபவை மூன்றும் எட்டு, நான்கு, நான்கு பங்கு; வெளியேற்றுபவை மும்மூன்று பங்கு. எட்டுப் பங்கு ஷூ தி ஹுவாங், அதாவது மதுவிட்டு அவித்து அவித்துக் கறுப்பாக்கிய தி ஹுவாங் கிழங்கு. ஹெனான் மாநிலத்துக் கிழங்குக்குத்தான் பெயர். அது இனிப்பு, பிசுபிசுப்பு, செரிக்கக் கடினம். அதன் தேக்கத்தைக் கரைக்க ஸெ ஷியே என்ற நீர்க்கிழங்கு. ஷான் ஜு யூ என்ற புளிப்புக் கனி கல்லீரலை இறுக்கிச் சூடேற்றும். அதைத் தணிக்க மரப் பியோனியின் வேர்ப்பட்டை. ஷான் யாவ் என்ற வள்ளிக்கிழங்குக்குத் துணையாக ஈரத்தை வடிக்கும் ஃபு லிங் பூஞ்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் இருக்கிறது. காவலை எடுத்தால் வயிறு உப்பி, பசி போய்விடும்.

அதே மாணவர்: ஆனால் மிங் காலத்து ஜாங் ஜிங்யுவே அந்த மூன்றையும் எடுத்துவிட்டாரே!

எடுத்தார். அவருடைய ‘ஜுவோ குய் வான்’ அப்படிப்பட்டதுதான். இந்தக் கிழங்கின் மேல் அவருக்கிருந்த பற்றைப் பார்த்து ‘ஜாங் ஷூதி’ என்றே மக்கள் அழைத்தார்கள். ஆனால் முழுமையாகப் பாருங்கள்: வடிக்கும் சரக்கை நீக்கியவர் மான்கொம்புப் பசை, ஆமையோட்டுப் பசை, கோஜிப் பழம் எல்லாம் சேர்த்தார். அது வற்றிப்போன உடலுக்கு, நல்ல செரிமானம் உள்ளவருக்கு, மருத்துவர் கண்முன் கொடுக்கும் மருந்து. சியன் யீயின் மருந்தோ மாதக்கணக்கில் மெல்லப் போகக்கூடியது. இருவரும் வெவ்வேறு நோயாளியை மனத்தில் வைத்தார்கள். யார் உயர்ந்தவர் என்ற கேள்விக்கே இடமில்லை.

பினாங்கு வாசகர்: மாணவர் சொல்வதே சரி. என் பாட்டி வெறும் தி ஹுவாங்கை மட்டும் கோழியோடு வேக வைப்பார். யாருக்கும் வயிறு உப்பியதில்லை.

வாரத்துக்கு ஒரு கிண்ணம் சூப்பும் தினமும் விழுங்கும் மாத்திரையும் ஒன்றல்ல, ஐயா. பாட்டி அதில் இஞ்சி போட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். மருத்துவர்களும் இந்தக் கிழங்கோடு ஏலக்காய்க் குடும்பத்துச் ஷா ரென் விதையைச் சேர்ப்பது அதற்காகத்தான். சமையலறையிலும் காவல் இருந்திருக்கிறது.

ஈப்போ வாசகர்: கிரியாட்டினின் கொஞ்சம்தான் அதிகம். அரை அளவு எடுக்கலாமா?

கூடாது. மேலே கோலாலம்பூர் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சென்னை வாசகி: நரை மறைய ‘ஹெ ஷோ ஊ’ வேர்ப்பொடி வாங்கினேன். அதுவும் கல்லீரல், சிறுநீரகத்துக்கு ஊட்டம் தருவதுதானே?

நிறுத்துங்கள், உடனே. ஊட்டம் என்று பெயர் பெற்ற இந்த வேரால் கல்லீரல் வீங்கி மஞ்சள்காமாலை வந்தவர்கள் பலர். 2006இல் பிரிட்டனும் 2014இல் சீன அரசின் மருந்துத் துறையும் இதைப் பற்றி எச்சரித்தன. கறுப்பு அவரைச் சாற்றில் அவித்துப் பதப்படுத்திய வேரிலும் ஆபத்து முழுமையாக நீங்குவதில்லை. சோர்வு, குமட்டல், சிறுநீர் கடும் மஞ்சளாவது எதையாவது கண்டால் அன்றைக்கே கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். நரைக்காகக் கல்லீரலைப் பணயம் வைக்காதீர்கள்.

வாசகர்: சர்க்கரை நோய் இருக்கிறது. லியூ வெய் மாத்திரையில் எந்த வகை வாங்குவது?

முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பெரிய உருண்டையில் தேன் இருக்கிறது. அதை வாங்கவே வேண்டாம்.

வாசகி: அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சிறுநீரகத்துக்கு இது...

கூடாது. மூன்றாவது முறை சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு இனி இங்கே பதில் கிடையாது. டயாலிசிஸ் மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள்.

ஜொகூர் வாசகர்: கண் வறட்சிக்குச் ‘சீ ஜூ தி ஹுவாங் வான்’ எழுதித் தந்தார்கள். இதயத்துக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறேன்.

அதே ஆறு சரக்கோடு கோஜிப் பழமும் சாமந்திப் பூவும் சேர்ந்தது அது. வறண்ட கண், மங்கிய பார்வைக்குக் கல்லீரல் யின் குறைவே காரணம் என்று கண்டால் சரியான மருந்துதான். ஆனால் உங்களுக்கு வேண்டாம். கோஜி, வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தம் உறையாமல் செய்துவிடலாம். கோஜித் தேநீர் குடித்தவர்களிடம் இது பதிவாகியிருக்கிறது. எழுதித் தந்தவரிடம் வார்ஃபரின் பற்றிச் சொன்னீர்களா? சீ ஜூ மாத்திரையை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் அதை நிறுத்திவிட்டு, இந்த வாரமே ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். ஈறில் இரத்தம் வந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அதற்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.