தோட்டத்து வீடு, டன் சம்பளம், ஓட்டு: இந்த மாச கேள்வி-பதில்

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட், பீடோர் பக்கத்துலேருந்து வந்த கேள்விங்கதான் இந்த தடவ அதிகம். ஒரே மாதிரி கேட்டவங்கள ஒன்னா சேத்துட்டேன்.

செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுறேன், சம்பளம் டன் கணக்கு. மழை மாசத்துல 1,300 வெள்ளிதான் (ரிங்கிட்) வருது. டன் கணக்குக்கு குறைஞ்சபட்ச சம்பளம் கிடையாதுன்னு மண்டோர் (மேஸ்திரி) சொல்றாரு, நெசமா?

தப்பு. 1,700 வெள்ளி குறைஞ்சபட்ச சம்பள உத்தரவுல டன் கணக்கு, டிரிப் கணக்கு எல்லாமே அடங்கும், 2025 ஆகஸ்ட்லேருந்து 5 பேருக்கும் குறைவா வச்சிருக்குற சின்ன முதலாளிக்கும் அதேதான். பெரட்டுக்கு (காலையில பேரு கூப்புடுறதுக்கு) தவறாம போயி முழு மாசமும் வேல செஞ்சும் குறைஞ்சா மிச்சத்த அவங்கதான் போட்டு குடுக்கணும். சம்பள சிலிப்ப எடுத்துக்கிட்டு லேபர் ஆபீசுக்கு போங்க. சிலிப்ப தூக்கி போடாதீங்கன்னு மாசாமாசம் எழுதுறேன், இன்னும் பாதி பேரு சிலிப் இல்லாமதான் வர்றீங்க.

எங்கப்பா ரொம்ப வருஷம் தோட்டத்துல வேல செஞ்சாரு, எவ்ளோ கெடைக்கும்?

எந்த வருஷம் சேந்தாரு, கடைசி சம்பளம் என்ன, அவரா நின்னாரா அவங்க நிறுத்துனாங்களா, ஒன்னுமே எழுதாம எவ்ளோன்னு கேட்டா நான் எத வச்சி கணக்கு பாக்குறது? பொதுவா சொல்றேன். ஆட்குறைப்புன்னா 5 வருஷத்துக்கு மேல செஞ்சவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம், 2லேருந்து 5 வருஷம்னா 15 நாள், அதுக்கும் கீழன்னா 10. அவரா எழுதி குடுத்துட்டு நின்னா இது வராது. அநியாயமா வேலய விட்டு தூக்கிட்டாங்கன்னா 60 நாளுக்குள்ள புகார் போயிருக்கணும். தேதிய எழுதி வைங்க, தேதிதான் கேஸே.

அப்பாவுக்கு 61 வயசு, இன்னும் வேல செய்றாரு. இபிஎப் (ஓய்வு கால சேமிப்பு நிதி) உண்டா?

உண்டு. முதலாளி 4 சதவீதம் கட்டணும், அப்பா சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க. நாமினி (அப்பாவுக்கு அப்புறம் அந்த பணத்த வாங்குறவர் பேரு) போட்டாச்சான்னு இன்னிக்கே பாருங்க.

மூணு தலைமுறையா ஒரே லயத்து வீடு (தோட்டத்து வரிசை வீடு). அப்பா ஓய்வானதும் காலி பண்ண சொல்லி லெட்டர் வந்துருக்கு, கையெழுத்து போடலாமா?

போடாதீங்க. நீங்க அனுப்புன படத்த பெருசாக்கி பாத்தேன். அரை பக்க மலாய் லெட்டர், கீழ ரேகை வைக்க வேண்டிய எடத்துல பென்சில்ல ஒரு எக்ஸ், அதுக்கு மேல சின்ன எழுத்துல "இதுவே முழுமையான, இறுதித் தீர்வு, இனி எந்த கோரிக்கையும் இல்ல"ன்னு ஒரு வரி. அந்த பென்சில் எக்ஸ் போட்டவருக்கு அப்பாவால படிக்க முடியாதுன்னு நல்லாவே தெரியும். லெட்டர வாங்கி வச்சிக்கங்க, தேதி குறிங்க, தொழிற்சங்கத்துக்கிட்டயோ வக்கீல்கிட்டயோ காட்டுங்க, அதுக்கப்புறம் பேசுங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1990 வீட்டு வசதி சட்டப்படி தோட்ட நிர்வாகம் தொழிலாளிக்கு ஒழுங்கான வீடு, தண்ணி, கரண்ட் குடுக்கணும். ஆனா அது வேல இருக்குற வரைக்கும்தான், வேல போனா வீடும் போச்சு. இதுதான் என்னால பொறுத்துக்க முடியாத விஷயம். ஏற்றத்தாழ்வுன்னதும் எல்லாரும் சம்பளத்த பத்தியே பேசுறாங்க, 2022 கணக்குல நாட்டு குடும்ப வருமானம் 100 வெள்ளின்னா அதுல 46 வெள்ளி மேல உள்ள 20 சதவீதத்துக்கு போவுது, அடியில உள்ள 40 சதவீதத்துக்கு 16 வெள்ளிதான். அதுவே கொடும. ஆனா சொத்து கணக்கு இன்னும் மோசம், தாத்தா காட்ட வெட்டி, பாட்டி ரப்பர் பால் வெட்டி, அப்பா குலை வெட்டி, மூணு பேரு ஒழப்புலயும் அந்த நெலத்தோட வெல ஏறிக்கிட்டே போயிருக்கு, அந்த ஏத்தத்துல ஒரு காசு கூட இந்த குடும்பத்து பேர்ல இல்ல. டவுன்ல அதே காலத்துல 20 வருஷம் தவணை கட்டுன ஒரு கிராணிக்கு (கிளார்க்குக்கு) இன்னிக்கு வீடு சொந்தம், அத வச்சி புள்ளைய படிக்க வைக்கலாம், பேங்க்ல கடன் வாங்கலாம், தோட்டத்துக்காரருக்கு வீட்டு வாசல்ல அவரே நட்ட மாமரம் கூட சொந்தமில்ல. மாற்று வீடு கேக்குறத தயவு பண்ணி குடுங்கன்னு கேக்காதீங்க, நியாயமா சேர வேண்டியத கேக்குறோம்னு எழுதுங்க. தனித்தனியா கேட்டா ஒன்னும் நடக்காது, லயமே சேந்து எழுதணும்.

பணக்காரங்ககிட்ட சொத்து வரி வாங்குறதே இல்லையா?

வாரிசு சொத்து வரி 1991லயே எடுத்துட்டாங்க. 2025 மதிப்பீட்டு ஆண்டுலேருந்து ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல வர்ற டிவிடண்டுக்கு 2 சதவீதம் போட்டுருக்காங்க. பத்தாது, ஆனா தொடக்கம்.

டவுனுக்கு வந்து 6 வருஷம் ஆச்சு, ஓட்டு இன்னும் பழைய தோட்டத்துலயே இருக்கு.

18 வயசானா பேரு தானா சேரும், எடம் தானா மாறாது. மொதல்ல ஐசி (அடையாள அட்டை) அட்ரஸ மாத்துங்க, அப்புறம் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம் போடுங்க. எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை கூட கெடையாது, 2022 பொதுத்தேர்தல்ல பாங்கி தொகுதியில 3 லட்சம் வாக்காளர், சரவாக் ஈகான்ல 28 ஆயிரம், ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்பி. இருக்குற ஓட்டையாவது நீங்க வாழுற ஊர்ல வச்சிக்கங்க. தேர்தல் அறிவிச்சதுக்கு அப்புறம் வந்து கேட்டா என்னால ஒன்னும் செய்ய முடியாது.