கிழட்டு அணி என்று ஒதுக்கப்பட்ட ஸ்பர்ஸ், 2014இல் எப்படி என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கோப்பையை வென்றது?

2013 இறுதித் தொடரில் மயாமி ஹீட்டிடம் தோற்றதும், "சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் கதை முடிந்தது" என்று பல ரசிகர்கள் அடித்துச் சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது. டிம் டங்கனுக்கு 37 வயது, மனு ஜினோபிலிக்கு 35. ஆறாவது ஆட்டத்தில் 28 விநாடி மிச்சம், ஸ்பர்ஸுக்கு 5 புள்ளி முன்னிலை. கைக்கு எட்டிய கோப்பை அது! 5.2 விநாடி இருக்கும்போது மயாமியின் ரே ஆலன் மூலைக்குப் பின்வாங்கி எறிந்த மூன்று புள்ளிப் பந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், வளையத்துக்குப் பக்கத்திலேயே புள்ளியைத் தவறவிட்ட டங்கன் தரையை ஓங்கி அறைந்தார். அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் மனசு கனக்கிறது.

சரி, அப்புறம் எப்படி மீண்டார்கள்? என் கணிப்பில் முக்கியக் காரணம், பயிற்சியாளர் கிரெக் பாபோவிச் ஆட்ட நேரத்தைப் பங்கிட்ட விதம்தான். 2013-14 லீக் ஆட்டங்களில் ஒரு வீரர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. போரிஸ் டியாவ், பாட்டி மில்ஸ் போன்றவர்கள் சுமையைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். பந்தும் ஒருவர் கையில் தேங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடிக் களைப்பது பந்துதானே, முழங்கால் இல்லையே. அப்படியே 62 வெற்றி.

இன்னொன்றையும் ரசிகர்கள் கணக்கில் எடுக்கவில்லை: அணியில் எல்லாருமே வயதானவர்கள் இல்லை. 2014 இறுதியில் அதே மயாமியை 4-1 என்று வீழ்த்தியபோது தொடர் நாயகன் ஆன காவாய் லெனர்டுக்கு வயது 22.